வாடகையைக் கூட்டிப் போடச் சொன்னால்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

"தம்பி, அடுத்த மாசத்திலயிருந்து ஒரு நூறு டொலர் கூட்டிப் போடுங்கோ. மோர்கேஜ், டாக்ஸ் எல்லாம் ஏறிப்போச்சு."

2022 பெப்ரவரியில், ஸ்காபரோவில் நான் இருந்த பேஸ்மன்டின் வாசற்படியில் நின்று வீட்டுக்காரர் சொன்னது இவ்வளவுதான். நான் "ஓம் அங்கிள்" என்றேன். பக்கத்து ஊர்க்காரர், வந்த புதிதில் கட்டிலும் மெத்தையும் தந்தவர். அவருக்கு வேறு என்ன சொல்வது? மார்ச்சிலிருந்து 1,200 டொலர் 1,300 ஆனது. அந்த வருடம் சட்டம் அனுமதித்த ஏற்றம் 1.2 சதவீதம், அதாவது 14 டொலர் 40 சதம். இது எனக்குத் தெரிய வந்தபோது அடுத்த வருடம் ஏப்ரல் ஆகிவிட்டது. கூடுதலாகக் கேட்ட வாடகையை ஒரு வருடம் பேசாமல் கட்டினால் அதுவே சட்டப்படியான வாடகையாகிவிடும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

எனவே இந்தக் கட்டுரையில் வருவதில் பாதி சட்டம், பாதி வாசற்படியில் நின்று எப்படிக் கதைப்பது என்பது. எல்லாம் ஒன்ராறியோவுக்கு மட்டும்தான். மொன்றியலிலோ வன்கூவரிலோ இருப்பவர்களுக்கு விதிகள் வேறு.

முதலில் ஒரு திகதியைக் கண்டுபிடியுங்கள்

2018 நவம்பர் 15. வாடகைக் கட்டுப்பாடு உங்களுக்கு உண்டா இல்லையா என்பதை இந்த ஒரு திகதிதான் தீர்மானிக்கிறது. நீங்கள் எப்போது குடிவந்தீர்கள் என்பது இதில் கணக்கே இல்லை. அந்தக் கட்டடத்தில் முதன்முதலாக ஆட்கள் எப்போது குடியிருந்தார்கள் என்பதுதான் கேள்வி. அந்தத் திகதியிலோ அதற்கு முன்போ ஆட்கள் இருந்த கட்டடம் என்றால், பொதுவாக நீங்கள் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறீர்கள். அதற்குப் பிறகுதான் முதல் ஆளே குடிவந்தார் என்றால், வாடகையை எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு மேல் எல்லை கிடையாது.

பழைய அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. புதுக் கொண்டோ (தனித்தனியாகச் சொந்தக்காரர் உள்ள அடுக்குமாடி வீடு) என்றால் நிர்வாக அலுவலகத்தில் கேட்டால் ஆட்கள் குடிவரத் தொடங்கிய வருடத்தைச் சொல்வார்கள். தலையிடி பேஸ்மன்டில்தான். வீடு 1970களில் கட்டியதாக இருக்கலாம், ஆனால் பேஸ்மன்டைப் பிரித்து வாடகைக்கு விட்டது 2020இல் இருக்கலாம். அப்படிப் பின்னர் உருவாக்கிய பகுதிக்கும் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கிடைக்க வழி உண்டு. ஆனால் சில நிபந்தனைகள் பொருந்தியாக வேண்டும்: அதற்குத் தனிக் குசினி, தனிக் குளியலறை, பூட்டக்கூடிய கதவு இருக்க வேண்டும், 2018 நவம்பர் 15 அன்று அந்த வீட்டில் இரண்டு குடியிருப்புகளுக்கு மேல் இருந்திருக்கக் கூடாது, முதல் வாடகையாள் வந்தபோது சொந்தக்காரர் அதே வீட்டில் இருந்திருக்க வேண்டும், அல்லது அந்த இடம் முன்பு வெறும் சீமெந்துச் சுவரும் தரையுமாக, முடிக்கப்படாமல் கிடந்திருக்க வேண்டும். "புதுசாத்தான் பெயின்ட் அடிச்சு, ஃப்ளோர் போட்டனான்" என்பது விலக்குக்குக் காரணம் ஆகாது. 2015இல் அங்கே யாராவது வாடகைக்கு இருந்திருந்தால், அதன் பிறகு எத்தனை முறை திருத்தியிருந்தாலும் அது பழைய குடியிருப்புத்தான். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், யார் யார் இருந்தார்கள் என்று பெயரோடு சொல்வார். முன்பு குடியிருந்தவர்களுக்கு இன்னும் வந்துகொண்டிருக்கும் கடிதங்களையும் எறியாமல் பாருங்கள்.

இன்னொரு கூட்டத்தார் உண்டு, அதிகம் மாணவர்கள். வீட்டுச் சொந்தக்காரரோடு, அல்லது அவருடைய கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோரோடு குசினியையோ குளியலறையையோ பகிரவேண்டிய ஏற்பாட்டில் அறை எடுத்திருந்தால், வாடகைக் குடியிருப்புச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது. மற்ற வாடகையாட்களோடு மட்டும் பகிர்ந்தால் பொருந்தும்.

பேஸ்மன்ட் நகரசபையில் பதிவில்லாத, 'கள்ளப் பேஸ்மன்ட்' என்று நாங்கள் சொல்லும் வகையாக இருந்தால்? அப்போதும் வாடகையாளுக்குரிய உரிமைகள் உங்களுக்கு உண்டு. ஆனால் அதை வைத்து வீட்டுக்காரரை வெருட்ட வேண்டாம். நகரசபை வந்து அந்த இடத்தை மூடினால் பெட்டி கட்டுவது நீங்கள்தான்.

பிறகு கணக்கு

கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு மாகாண அரசு ஒவ்வொரு வருடமும் ஒரு சதவீதத்தை அறிவிக்கும். அது விலைவாசிச் சுட்டெண்ணை வைத்துப் போடுவது. விலைவாசி எவ்வளவு ஏறினாலும் 2.5 சதவீதத்தைத் தாண்ட முடியாது. 2023, 2024, 2025 மூன்று வருடமும் 2.5. 2026க்கு 2.1.

இப்போது மாதம் 1,650 டொலர் கட்டுகிறீர்கள் என்று வைப்போம். 2026இல் ஏற்றக்கூடியது 34 டொலர் 65 சதம். புது வாடகை 1,684.65. "1,700 ஆப் போட்டிடுங்கோ, கணக்குச் சுகம்" என்பார்கள். அந்தச் சுகத்துக்கு நீங்கள் கட்டும் விலை மாதம் 15.35, அடுத்த வருட ஏற்றமும் அதன் மேல் ஏறி உட்காரும்.

எந்த வருடத்துச் சதவீதம்? கடிதம் தந்த வருடம் அல்ல, ஏற்றம் நடைமுறைக்கு வரும் வருடம். 2025 நவம்பரில் கடிதம் தந்து 2026 மார்ச்சிலிருந்து கூட்டினால் 2.1தான்.

மோர்கேஜ் வட்டி ஏறியது ஒரு காரணமே அல்ல. இதை வீட்டுக்காரரைக் குறை சொல்லவென்று எழுதவில்லை. கனடிய மத்திய வங்கியின் வட்டி வீதம் 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 ஆக இருந்து 2023 ஜூலையில் 5 சதவீதமானது. மாறும் வட்டிக்கு வீடு வாங்கிய எங்கள் ஆட்கள் பலர் நித்திரை இல்லாமல் கிடந்த காலம் அது. அவர்களின் கஷ்டம் உண்மை. ஆனால் அதை வாடகையாளின் தலையில் வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. எல்லைக்கு மேல் கூட்ட வேண்டுமென்றால் வீட்டுக்காரர் 'லாண்ட்லோர்ட் அண்ட் ரெனன்ட் போர்ட்' என்ற தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெரிய திருத்த வேலை, பாதுகாப்புச் சேவைச் செலவு, வழமைக்கு மீறிய நகரசபை வரி ஏற்றம் போன்றவைதான் அதற்குக் காரணங்கள். முதல் இரண்டுக்கும் வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் சேர்க்க முடியாது. இது பெரும்பாலும் அடுக்குமாடி நிறுவனங்கள் செய்வது. அப்படி ஒரு கடிதம் வந்தால் தனியாக யோசிக்காமல் மாடியில் உள்ள மற்றவர்களோடு சேருங்கள். 2017இல் ரொறன்ரோ பார்க்டேல் பகுதியில் குடியிருந்தவர்கள் சேர்ந்து நின்று ஏற்றத்தைக் குறைக்க வைத்தார்கள். அவர்கள் வாடகையையே நிறுத்திப் போராடினார்கள். அது நூற்றுக்கணக்கானோர் ஒழுங்காகத் திட்டமிட்டுச் செய்தது. நீங்கள் தனி ஆளாக வாடகையை நிறுத்தினால் வருவது வெளியேற்ற நோட்டீஸ்.

நோட்டீஸ் என்றால் கடதாசி

வாசற்படியில் சொன்னது நோட்டீஸ் இல்லை. வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவும் இல்லை. ஏற்றம் தொடங்கும் நாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பு, எழுத்தில், அதற்குரிய படிவத்தில் தர வேண்டும். கட்டுப்பாடு உள்ள வீட்டுக்கு என்-1 (N1), விலக்குள்ள வீட்டுக்கு என்-2 (N2). ஜூன் 1 முதல் கூட்ட வேண்டுமென்றால் மார்ச் 3க்குள் உங்கள் கையில் இருக்க வேண்டும். குடிவந்து, அல்லது கடைசியாகக் கூட்டி, 12 மாதம் ஆகியிருக்கவும் வேண்டும். 90 நாளும் 12 மாதமும் விலக்குள்ள புது வீடுகளுக்கும் பொருந்தும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

லீஸ் முடிகிறது, புது வாடகையில் புது லீஸ் எழுது, இல்லாவிட்டால் வெளியேறு என்று சொன்னால் பதற வேண்டாம். ஒரு வருட லீஸ் முடிந்தால் அது தானாகவே மாதாமாத வாடகையாகத் தொடரும். பழைய விதிகள் அப்படியே இருக்கும். புதிதாக எதிலும் கையெழுத்து வைக்க வேண்டியதில்லை.

காசாக வாடகை கொடுப்பவர்கள் இதை இன்றே செய்யுங்கள்: பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கேட்டால் இலவசமாகத் தந்தாக வேண்டும், அது சட்டம். கேட்கக் கூச்சமாக இருந்தால் "வரிக்கு வேணும் அங்கிள்" என்று சொல்லலாம். பொய்யும் இல்லை, ஒன்ராறியோவில் வாடகையை வரிப் படிவத்தில் காட்டிச் சலுகை கேட்க இடமுண்டு. முடிந்தால் ஈ-ட்ரான்ஸ்பருக்கு (வங்கிக் கணக்கிலிருந்து இணையவழி அனுப்புவது) மாறி, குறிப்பில் மாதத்தை எழுதுங்கள். எவ்வளவு கட்டினீர்கள் என்று காட்ட முடியாவிட்டால் மேலே சொன்ன கணக்கு ஒன்றும் உதவாது.

சரி, எப்படிக் கதைப்பது?

கேட்டவுடன் பதில் சொல்லாதீர்கள். என் பிழை அங்கேதான் தொடங்கியது. "யோசிச்சுச் சொல்லுறன் அங்கிள்" என்ற மூன்று சொல் போதும். யாருடைய பிறந்தநாள் ஹோலிலோ கோயில் வீதியிலோ வைத்துக் கேட்டால் அங்கே வைத்துப் பேச்சை எடுக்கவே வேண்டாம். நாலு பேர் பார்க்கும்போது ஒருவரும் இறங்கி வரமாட்டார்கள், அவரும் சரி நீங்களும் சரி. உங்களுக்கு அந்த இடத்தைப் பிடித்துத் தந்த மாமாவை நடுவில் விடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் "இரண்டு பேருக்கும் வேண்டாம், ஐம்பதாப் போடு" என்று தீர்த்துவைப்பார். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த ஐம்பது சட்டத்தில் எங்கேயும் இல்லை.

இரண்டு நாள் கழித்து, அவர் ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். 'சட்டம்', 'போர்ட்' என்ற சொற்களோடு தொடங்க வேண்டாம். அவை கடைசிக்கு. பழியை அரசாங்கத்தின் மேல் போடுவது எவ்வளவோ சுலபம்:

"அங்கிள், நீங்கள் சொன்னது விளங்குது, செலவு எல்லாருக்கும் ஏறித்தான் இருக்கு. கவர்மென்ட் இந்த வருஷத்துக்கு 2.1 எண்டு வைச்சிருக்கு. நான் கணக்குப் பாத்தன், 34 டொலர் 65 சதம் வருது. என்-1 ஃபோமைத் தந்தீங்களெண்டால் அந்தத் திகதியிலயிருந்து கூட்டிப் போடுறன்."

பாருங்கள், இதில் 'மாட்டேன்' என்ற சொல்லே இல்லை. ஒரு தொகைக்கு 'ஓம்' சொல்லியிருக்கிறீர்கள். பலர் இந்த விதியே தெரியாமல்தான் கேட்கிறார்கள், குறிப்பாக ஒரேயொரு பேஸ்மன்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள். படிவத்தைத் தீர்ப்பாயத்தின் இணையத்தளத்திலிருந்து எடுத்து அச்சிட்டுக் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை அப்படிச் செய்தாள், வீட்டுக்காரர் அவளையே நிரப்பித் தரச் சொல்லிக் கையெழுத்து மட்டும் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும், அன்றே, ஒரு குறுஞ்செய்தி:

"வணக்கம் அங்கிள். இன்று வாடகை பற்றிக் கதைத்ததற்கு நன்றி. இப்போதைய வாடகை 1,650. நீங்கள் 1,750 கேட்டீர்கள். 2026க்கான எல்லை 2.1 சதவீதம் என்பதால் 1,684.65 வரை கூட்டலாம் என்று சொன்னேன். என்-1 கிடைத்து 90 நாளின் பின் அந்தத் தொகையைக் கட்டுவேன். அதுவரை 1,650 வழமைபோல் முதலாம் திகதி வரும்."

இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அவர் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. யார் எதைக் கேட்டார், எப்போது கேட்டார் என்பது எழுத்தில் நிற்கிறது.

அவர் பதிலுக்கு ஏதாவது தரத் தயாராக இருந்தால் அதையும் கேட்கலாம். துணி துவைக்கும் மெஷின் போட்டுத் தருகிறேன், கார் நிறுத்த இடம் தருகிறேன் என்பது போல. புதுச் சேவைக்காகவோ பெரிய திருத்தத்துக்காகவோ இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு எல்லைக்கு மேல் 3 சதவீதம் வரை கூட்ட என்-10 என்று ஒரு படிவம் உண்டு. கையெழுத்து வைத்த பிறகும் மனம் மாற ஐந்து நாள் அவகாசம் இருக்கிறது. கூடுதலாக 50 டொலர் கட்டி மாதம் 80 டொலர் கொயின் லோன்றிச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்றால் எனக்கு அது நல்ல பேரம்தான். ஆனால் ஏற்கெனவே உடைந்திருக்கும் ஹீற்றரைத் திருத்துவதற்கு என்-10 கேட்டால் வேண்டாம். அது அவர் எப்படியும் செய்ய வேண்டிய வேலை.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து நிற்கும்போது "ஆள் கூடிப்போச்சு, ஹைட்ரோ, தண்ணிக்கு இருநூறு கூடத் தாங்கோ" என்பதும் அடிக்கடி நடக்கிறது (ஹைட்ரோ என்றால் இங்கே மின்சாரம்). வாடகைக்குள் ஹைட்ரோவும் தண்ணீரும் அடக்கம் என்று லீஸில் இருந்தால், ஆள் கூடியதை வைத்துத் தானாக வாடகையை ஏற்ற முடியாது. உறவு கெடாமல் இருக்க வேண்டுமென்று நினைத்தால் வேறு வழிகளில் நல்ல பெயர் எடுங்கள். வாடகையை முதலாம் திகதிக்கு முன்பே போடுங்கள், குழாய் ஒழுகினால் உடனே சொல்லுங்கள். வாடகைத் தொகையில் மட்டும் கை வைக்க விடாதீர்கள், ஏறியது இறங்காது.

எல்லை இல்லாத வீட்டில் இருப்பவர்கள்

உண்மையான பேரம் இங்கேதான். வீட்டுக்காரர் 10 சதவீதம் கேட்டாலும் சட்டம் தடுக்காது. உங்கள் கையில் இருப்பது சந்தை நிலவரமும் உங்கள் நல்ல பெயரும். 2024இலிருந்து ரொறன்ரோவில் கொண்டோக்களுக்குக் கேட்கும் வாடகை இறங்கியது. புதிதாகக் கட்டி முடித்தவை நிறைய ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தன. எனவே உங்கள் கட்டடத்திலேயே, அதே அளவு யூனிட்டுகளுக்கு இன்று என்ன கேட்கிறார்கள் என்று ஐந்தாறு விளம்பரங்களைச் சேருங்கள். திகதியோடு படம் எடுத்து வையுங்கள். "மற்ற இடத்தில் மலிவு" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள். "இதே கட்டடத்தில் பதினோராம் மாடியில் 2,150க்கு மூன்று கிழமையாகக் கிடக்கிறது" என்றால் எடுப்பார்கள்.

ஆள் மாறினால் அவருக்கும் செலவுதான். ஒரு மாதம் வெறுமையாகக் கிடந்தால் முழு வாடகையும் போகும், முகவருக்கும் கொடுக்க வேண்டும், பெயின்டும் அடிக்க வேண்டும். 2,200 வாடகையில் 200 கூட்டக் கேட்கிறார் என்று வைத்தால், வருடம் முழுவதும் அவருக்கு வரும் கூடுதல் 2,400. ஒரு மாதம் வெறுமையாகக் கிடந்தால் போவது 2,200. இந்தக் கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்ட வேண்டாம், அவரே போடுவார். நீங்கள் சொல்ல வேண்டியது: "60 டொலர் என்றால் இன்னொரு வருடத்துக்கு லீஸ் எழுதிக் கையெழுத்து வைக்கிறேன்." வருட லீஸ் இருவருக்கும் நிம்மதி.

வேலை மாறப் போகிறீர்கள் என்றால் இந்த ஆயுதத்தை எடுக்காதீர்கள். மாதாமாத வாடகையில் இருந்தால் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியேறலாம். அந்தச் சுதந்திரம் 60 டொலரை விடப் பெறுமதியானது.

"மகன் வந்து இருக்கப்போறான்"

கூட்டமாட்டேன் என்றதும் இது வந்தால் இரண்டு விதமாக இருக்கலாம். உண்மையாகவே மகன் வரலாம், வரட்டும், அது அவருடைய உரிமை. அல்லது உங்களை எழுப்பிவிட்டுப் புது ஆளுக்கு நினைத்த வாடகைக்கு விடலாம். வாடகைக் கட்டுப்பாடு குடியிருக்கும் ஆளுக்குத்தான். வீடு காலியானால் அடுத்தவருக்கு எவ்வளவும் கேட்கலாம், 1990களின் கடைசியிலிருந்து ஒன்ராறியோவில் இதுதான் நிலை. அதனால்தான் பழைய வாடகையில் இருப்பவரை எழுப்ப ஆசை வருகிறது.

இதற்கும் படிவம் உண்டு, என்-12. குறைந்தது 60 நாள் தர வேண்டும். படிவம் கைக்கு வந்துவிட்டதால் வெளியேற வேண்டும் என்று அர்த்தமில்லை. நீங்கள் போகாவிட்டால் அவர் தீர்ப்பாயத்துக்குப் போய், மகன் ஒரு வருடமாவது அங்கே இருக்கப்போகிறார் என்று சத்தியக் கடதாசி கொடுத்து, உத்தரவு வாங்க வேண்டும். உத்தரவோடு வந்து கதவைப் பூட்டக்கூடியவர் ஷெரிஃப் என்ற நீதிமன்ற அதிகாரி மட்டும்தான். வீட்டுக்காரர் தானே பூட்டை மாற்றினால் அது குற்றம். நீங்கள் வெளியேறிய பிறகு அந்த வீடு விளம்பரத்தில் வந்தால் படம் எடுத்து வையுங்கள், ஒரு வருடத்துக்குள் டி-5 (T5) என்ற விண்ணப்பம் போடலாம்.

என்-11 என்று ஒன்றை நீட்டி "சும்மா ஒரு ஃபோர்மாலிட்டி" என்றால் மட்டும் பேனாவைத் தொடாதீர்கள். அது நீங்களே சம்மதித்து வெளியேறுகிறீர்கள் என்பதற்கான உடன்பாடு.

கூடுதலாகக் கட்டிவிட்டவர்களுக்கு

கூட்டிய வாடகையை முதன்முதலில் கேட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் தீர்ப்பாயத்தில் டி-1 (T1) விண்ணப்பம் போட்டால் கூடுதலாகக் கட்டியதைத் திருப்பிக் கேட்கலாம். விசாரணைக்கு மாதக்கணக்கில் எடுக்கும், பெரும்பாலும் ஸூமில் நடக்கும். அந்தத் தாமதத்தைப் பார்த்துச் சோர்ந்துபோய் விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். எழுத்தில் நோட்டீஸே தராமல் கூட்டியிருந்தாலும் 12 மாதம் தொடர்ந்து கட்டிவிட்டால் அது செல்லுபடியாகிவிடும் என்று 2020இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். நான் 2022 மார்ச்சில் தொடங்கி 13 மாதம் கட்டியிருந்தேன். பதினொன்றாம் மாதத்தில் யாராவது சொல்லியிருந்தால் போதும்.

உங்கள் பகுதியிலுள்ள சமூகச் சட்ட உதவி நிலையங்கள் வருமானம் குறைந்தவர்களிடம் காசு வாங்காமல் ஆலோசனை சொல்கின்றன. ஆங்கிலம் தடை என்றால் 211 என்ற சமூக சேவைத் தகவல் இலக்கத்தை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், அருகிலுள்ள நிலையத்தை அவர்கள் தேடித் தருவார்கள்.

இன்னொன்று, சின்ன விடயம்தான். குடிவரும்போது கடைசி மாத வாடகையை முற்பணமாகக் கொடுத்திருப்பீர்கள். வாடகை கூடும்போது "அந்த முற்பணத்தையும் சரிக்கட்டு, 34.65 தா" என்று கேட்பார்கள், கேட்கலாம். ஆனால் அந்த முற்பணத்துக்கு வருடா வருடம் அவர் உங்களுக்கு வட்டி தர வேண்டும், அந்த வட்டியும் அதே 2.1 சதவீதம். 1,650க்கு அது 34.65. கழித்துப் பார்த்தால் நீங்கள் கொடுக்க வேண்டியது பூச்சியம்.